கட்டுபவர் ஒருவர், கண்காணிப்பவர் ஒருவர்: பொதுப்பணி மேற்பார்வையின் வரலாறு

பொதுப் பணத்தில் எழும்பும் கட்டடத்தின் வாசலில் ஒரு கல்வெட்டு இருக்கும். அடிக்கல் நாட்டியவர், திறந்துவைத்தவர், முன்னிலை வகித்தவர்கள், நிதி வந்த திட்டம் எல்லாம் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். சில இடங்களில் ஒப்பந்தக்காரர் பெயரும் உண்டு. அஸ்திவாரம் தோண்டிய நாள் முதல் சாவி கைமாறிய நாள் வரை, கலவை சரியா, கம்பி இடைவெளி சரியா, பில்லில் எழுதிய அளவு சுவரில் இருக்கிறதா என்று நின்று பார்த்தவரின் பெயர் மட்டும் இருக்காது. அவரை அரசு எப்படித் தேர்ந்தெடுக்கிறது, என்னென்ன எழுதி ஒப்பந்தம் செய்கிறது என்பதும் பெரும்பாலும் யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது. பள்ளத்தூரில் வெளிவரும் ஒரு மலரில் அந்த வரலாற்றை எழுதுவது பொருத்தம் என்று நினைக்கிறேன். கண்ணுக்கு எட்டாத தொலைவில் நடக்கும் காரியத்துக்கு ஒருவரை நம்பி அமர்த்தி, அந்த நம்பிக்கையை எழுத்திலும் கணக்கிலும் கட்டிவைக்கத் தெரிந்த ஊர்கள் நம்முடையவை.

சம்பளச் சீட்டு

நகரத்தார் பர்மா, மலாயா, இலங்கை என்று கொண்டுவிக்கப் போன காலத்தில் முதலாளி ஊரில் இருப்பார். கடை மோல்மேனிலோ பினாங்கிலோ நடக்கும். கடையின் பொறுப்பு மேலாள் கையில். அவருக்குக் கீழே அடுத்தாள், அதற்கும் கீழே பெட்டியடிப் பையன். மேலாளை அமர்த்தும்போது எழுதிக்கொள்வது சம்பளச் சீட்டு. பெரும்பாலும் மூன்று வருடத் தவணை. சம்பளம் எவ்வளவு, அதில் முன்பணம் எவ்வளவு என்பது முதலிலேயே தீர்ந்துவிடும். லாபம் வந்தால் அதிலும் அவருக்கு ஒரு பங்கு. கடன் கொடுக்கவும் வாங்கவும் வழக்காடவும் அவருக்கு அதிகாரம் இருந்தது. பதிலுக்கு அவர் செய்ய வேண்டியது, கடிதமும் கணக்கும் தவறாமல் ஊருக்கு அனுப்புவது. தவணை முடிவில் ஐந்தொகை போட்டு ஒப்படைப்பது.

குறைந்த சம்பளத்துக்கு வருகிறவர் என்பது மேலாளாக அமர்வதற்குத் தகுதியாகக் கருதப்படவில்லை. யார் கடையில் தொழில் பழகினார், போன தவணைக் கணக்கை எப்படி ஒப்படைத்தார் என்பதே பேச்சு. பள்ளத்தூர் திவான் பகதூர் ஏ.எம். முருகப்பச் செட்டியாரும் பதினான்கு வயதில் பர்மாவில் உறவினர் கடையில் பழகியவர்தான். 1900-இல் மோல்மேனில் சொந்தமாகத் தொடங்கிய தொழிலே பின்னாளில் முருகப்பா குழுமமாக வளர்ந்தது. விரிந்த அதிகாரம், இறுக்கமான கணக்கு, முன்பே தீர்ந்த ஊதியம், பழைய வேலையைப் பார்த்துத் தேர்வு. இன்று பொதுப்பணியை மேற்பார்வையிடும் கட்டுமான மேலாளரை அமர்த்துவதைப் பற்றி உலக நாடுகள் வகுத்துவைத்திருக்கும் விதிகளின் சாரமும் இந்த நான்குதான்.

துறையே கட்டிய காலம்

சென்னை மாகாணத்தில் பொதுப்பணித்துறை 1858-இல் அமைந்தது. முதல் தலைமுறையில் மேற்பார்வையாளரை வெளியே தேடும் பேச்சே எழவில்லை. திட்டம் போட்டவர், ஆள் அமர்த்தியவர், கட்டியவர், கணக்கு எழுதியவர் எல்லாரும் துறைக்குள்ளேயே இருந்தார்கள். பெரியாறு அணை அதற்குப் பெரிய சான்று. 1887-இல் தொடங்கி 1895 அக்டோபரில் திறக்கப்பட்ட அந்த அணையை, காட்டுக்குள்ளே, காய்ச்சலுக்கும் வெள்ளத்துக்கும் நடுவே, கர்னல் ஜான் பென்னிகுயிக் தலைமையில் துறைப் பொறியாளர்களே ஆட்களைத் திரட்டிக் கட்டினார்கள். தற்காலிகத் தடுப்புகளை ஆறு அடித்துச் சென்றபோது, அந்த இழப்பு யார் கணக்கில் என்று அங்கே வழக்காட வேண்டியிருக்கவில்லை. மறுநாள் எங்கே தொடங்குவது என்பதே கேள்வி. அந்தத் தண்ணீர் வைகைக்கு வந்து இன்று நம் சிவகங்கை மாவட்டத்து நிலங்களிலும் ஒரு பகுதிக்குப் பாய்கிறது. தேனி, மதுரைப் பக்கத்து உழவர்கள் ஒரு பொறியாளருக்குப் பொங்கல் வைத்து நன்றி சொல்கிறார்கள் என்றால், கல்வெட்டு மறந்துவிடும் மனிதரை மக்கள் மறக்கவில்லை என்று பொருள்.

நகரக் கட்டடங்களில் கதை வேறு. சென்னையில் உயர் நீதிமன்றம் உள்ளிட்ட பெரும் கட்டடங்களை எழுப்பியவர் ஒப்பந்தக்காரர் தாட்டிகொண்டா நம்பெருமாள் செட்டி. 1908-இல் திறந்த எழும்பூர் ரயில் நிலையத்தைக் கட்டியவர் பெங்களூர் சாமிநாத பிள்ளை. சென்னை மாநகராட்சியின் ரிப்பன் கட்டடம் லோகநாத முதலியார் கட்டியது. 1909 டிசம்பரில் அடிக்கல், 1913 நவம்பரில் திறப்பு. மொத்தச் செலவு ஏழரை லட்சம் ரூபாய், அதில் முதலியாருக்குப் போனது ஐந்தரை லட்சம். வடிவமைத்தவர் ஜி.எஸ்.டி. ஹாரிஸ். இங்கே கட்டுபவர் தனி, கண்காணிப்பவர் தனி. கண்காணிப்பவர் அரசின் அல்லது மாநகராட்சியின் சம்பளப் பொறியாளர்; அவருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் நடுவே பணத்தின் கயிறு எதுவும் இல்லை. ஏறக்குறைய நூறு ஆண்டுகள் இந்த ஏற்பாடு நம்மைத் தாங்கியது.

அது தாங்கியதற்கு ஒரு சின்னப் புத்தகமும் காரணம். அலுவலகத்தில் எம்-புக் என்பார்கள், அளவுப் புத்தகம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் எண் உண்டு, ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் உண்டு. மையால்தான் எழுத வேண்டும். தவறு நேர்ந்தால் அடித்துவிட்டுப் பக்கத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். சுரண்டி அழிக்கக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. மண் மூடிவிடும் அஸ்திவாரத்தையும் கான்கிரீட் மூடிவிடும் கம்பியையும் மூடுவதற்கு முன்பே அளந்து எழுதிவிட வேண்டும். உதவிப் பொறியாளர் எழுதிய அளவை மேலதிகாரி இடத்துக்கே வந்து ஒரு பகுதியை மறுபடி அளந்து கையெழுத்திட வேண்டும். அந்தப் பக்கத்திலிருந்துதான் பில் பிறக்கும். பேரேட்டுக்கும் சிட்டைக்கும் பழகிய ஊர்க்காரர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. எம்-புக்கை நேர்மையாக எழுதிய ஒரு ஜூனியர் இன்ஜினியர் இந்த நாட்டுக்கு மிச்சப்படுத்திய பணத்தை எந்தத் தணிக்கை அறிக்கையும் முழுதாகச் சொல்லிவிட முடியாது.

குறைந்த விலைக்குச் சட்டம்

ஒப்பந்தக்காரரைத் தேர்வதில் வேண்டியவர், வேண்டாதவர் பார்க்கும் வழக்கத்தை ஒழிக்கத் தமிழ்நாடு ஒரு நல்ல சட்டம் செய்தது. 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம். அதற்கு 2000-இல் விதிகள். டெண்டர் அறிவிப்பு மாவட்ட, மாநில டெண்டர் இதழ்களில் வர வேண்டும். 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாள் அவகாசம். திறக்கும்போது போட்டியிட்டவர்கள் உடன் இருக்கலாம். மதிப்பீட்டில் குறைந்த விலை சொன்னவருக்கே வேலை. பேரம் பேசுவதானாலும் அவரோடு மட்டும், அதுவும் விலையைக் குறைக்க மட்டும். மனக்குறை உள்ளவர் 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். உள்ளாட்சிகளும் இதற்குக் கட்டுப்பட்டவை.

சாலைக்கும் வடிகாலுக்கும் பள்ளி வகுப்பறைக்கும் இந்த முறை சரியே. எத்தனை கன மீட்டர் கான்கிரீட், என்ன கலவை, எத்தனை கிலோ கம்பி என்று எஸ்டிமேட்டில் முன்கூட்டியே எழுதியாகிவிட்டது. எல்லாரும் ஒரே பொருளுக்கு விலை சொல்கிறார்கள், குறைந்ததை எடுக்கலாம்.

மேற்பார்வைக்கு அப்படி ஒரு அளவு இல்லை. இந்தத் தூணை இடித்துவிட்டு மறுபடி போடு என்று சொல்லும் துணிவை எந்த எஸ்டிமேட்டிலும் எழுத முடியாது. ஒரு மேற்பார்வை நிறுவனம் மிகக் குறைந்த கட்டணம் சொல்கிறதென்றால், அனுபவமுள்ள பொறியாளரை வாரத்துக்கு ஒருமுறை அனுப்பிவிட்டு, மற்ற நாளெல்லாம் நேற்றுப் படிப்பு முடித்த பையனை நிறுத்தப் போகிறது என்றே பெரும்பாலும் பொருள். மேற்பார்வைக் கட்டணம் கட்டடச் செலவில் சிறு பகுதி. அந்தச் சிறு பகுதியில் மிச்சம் பிடிக்கப் போய்ப் பெரும் பகுதியைப் பணயம் வைக்கிறோம். என் தீர்மானமான கருத்து இது: கட்டுபவரை விலையால் தேர்ந்தெடுக்கலாம், கண்காணிப்பவரை விலையால் மட்டும் தேர்ந்தெடுக்கக் கூடாது.

வெளியிலிருந்து வந்தவர்கள்

துறைப் பொறியாளர் போதாமல் வெளியே ஆள் தேடும் வழக்கம் இரண்டு வாசல்கள் வழியாக வந்தது. ஒன்று, வெளிநாட்டுக் கடன். சர்வதேசப் பொறியாலோசகர் கூட்டமைப்பான ஃபிடிக் 1957-இல் வெளியிட்ட சிவப்பு அட்டை ஒப்பந்தப் படிவத்தில், உடைமையாளர், ஒப்பந்தக்காரர் இருவருக்கும் நடுவே ‘பொறியாளர்’ என்று மூன்றாவது ஒருவர் நிற்கிறார். அளவை ஒப்புக்கொள்வதும் பணத்துக்குச் சான்று தருவதும் தகராறில் முதல் தீர்ப்புச் சொல்வதும் அவர் வேலை. உலக வங்கியும் ஜப்பானியக் கடன் நிறுவனமும் இந்தப் படிவத்தோடுதான் வந்தன. ஜப்பானியக் கடனில் 2009-இல் பணி தொடங்கிய சென்னை மெட்ரோவும் பொது ஆலோசகர் என்ற பெயரில் ஒரு கூட்டு நிறுவனத்தை அமர்த்திக்கொண்டே வேலை பார்த்தது. கோயம்பேடு–ஆலந்தூர் பாதை 2015 ஜூனில் திறந்தது. இதற்கிடையே சுரங்க வேலையில் ஒப்பந்தக்காரர் பாதியில் விலகி, மிச்ச வேலைக்கு மறுபடி டெண்டர் போட நேர்ந்தது. எதுவரை முடிந்தது, எது மிச்சம் என்று யாரும் மறுக்க முடியாத அளவுக் கணக்கு கையில் இல்லாமல் அப்படி ஒரு மறு டெண்டரைப் போடவே முடியாது.

இரண்டாவது வாசல் தேசிய நெடுஞ்சாலை. தனியார் முதலீட்டுச் சாலைகளில் ‘சுதந்திரப் பொறியாளர்’ என்று ஒரு நிறுவனத்தை ஆணையம் தேர்ந்தெடுக்கிறது. கட்டிச் சுங்கம் வசூலிக்கும் முறையில் அவருடைய கட்டணத்தில் பாதியைச் சாலையைக் கட்டும் நிறுவனம் ஈடுசெய்ய வேண்டும். கண்காணிக்கப்படுபவரின் பணம் கண்காணிப்பவருக்குப் போகலாமா என்ற கேள்வி நியாயமானது. அந்தப் பணம் நேரே கைமாறாமல் ஆணையத்தின் வழியாகப் போக வேண்டும், அமர்த்துவதும் நீக்குவதும் ஆணையத்திடமே இருக்க வேண்டும் என்பதுதான் அதற்கு இருக்கும் காப்பு.

கண்காணிப்பவரை விலையால் தேர்ந்தெடுக்கலாமா என்ற கேள்விக்கு அமெரிக்கா 1972-இல் ஒரு பதிலைச் சட்டமாக்கியது. டெக்சாஸ் உறுப்பினர் ஜாக் புரூக்ஸ் பெயரால் வழங்கும் அந்தச் சட்டப்படி, கூட்டாட்சி அரசு கட்டடக் கலைஞரையும் பொறியாளரையும் தேர்ந்தெடுக்கும்போது முதலில் விலையைக் கேட்கவே கூடாது. தகுதியைப் பார்த்து மூன்று நிறுவனங்களையாவது வரிசைப்படுத்தி, முதலிடத்தில் இருப்பவரோடு கட்டணம் பேச வேண்டும். நியாயமான தொகைக்கு ஒத்துவராவிட்டால் அந்தப் பேச்சை முறையாக முடித்துவிட்டு இரண்டாமவரிடம் போகலாம். கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் இதையே கட்டுமான மேலாளருக்கும் நீட்டித்துவிட்டன.

நம் மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகள் நடுவழியில் நிற்கின்றன. ஆலோசகரைத் தேர்வதில் தரத்தையும் விலையையும் சேர்த்து மதிப்பெண் போடலாம். கியூசிபிஎஸ் என்று அலுவலகங்களில் புழங்குவது இதுவே. தொழில்நுட்ப உறையை முதலில் திறப்பார்கள். அதில் தேறியவரின் விலை உறையை மட்டுமே பிறகு திறப்பார்கள்.

கற்பனையாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மேற்பார்வைக்கு மூன்று நிறுவனங்கள் வருகின்றன. தொழில்நுட்ப மதிப்பெண் முறையே 90, 75, 70. கேட்கும் கட்டணம் 60 லட்சம், 45 லட்சம், 40 லட்சம். குறைந்த விலைக்கு 100 மதிப்பெண். மற்றவர்களுக்கு அதை ஒட்டி 66.7, 88.9. தரத்துக்கு 70 பங்கு, விலைக்கு 30 பங்கு என்றால் முதல் நிறுவனம் 83, இரண்டாவது 79.2, மூன்றாவது 79. வேலை முதல் நிறுவனத்துக்கு. அதையே பாதிக்குப் பாதி என்று மாற்றினால் 78.3, 81.9, 85 என்று வரிசை தலைகீழாகி, மிகக் குறைந்த தகுதி உள்ளவர் மேலே வந்துவிடுகிறார். ஆகவே ஒரு டெண்டர் ஆவணத்தில் ஊர்க்காரர்கள் முதலில் பார்க்க வேண்டிய வரி இந்தப் பங்கு விகிதம். 2021 அக்டோபரில் மத்திய நிதித்துறை, தரம் முக்கியம் என்று அறிவிக்கப்பட்ட கட்டுமான வேலைகளுக்கும் இந்த முறையைத் திறந்துவிட்டது. ஆனால் தரத்துக்கு 30 பங்குக்கு மேல் கூடாது என்றது. கட்டுபவருக்கும் கண்காணிப்பவருக்கும் உள்ள வேறுபாட்டை மத்திய அரசே ஏற்றுக்கொண்டதன் அடையாளமாக இதைப் பார்க்கிறேன்.

ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது

தேர்வு சரியாக அமைந்தாலும் ஒப்பந்தம் தளர்வாக இருந்தால் பயனில்லை. மிகப் பெரிய ஓட்டை, கட்டணத்தைக் கட்டடச் செலவின் சதவீதமாக வைப்பது. செலவு ஏற ஏறக் கட்டணமும் ஏறும். செலவைக் குறைக்கச் சொல்ல வேண்டியவருக்கே செலவு கூடினால் ஆதாயம். பொதுத்துறை நிறுவனங்களிடம் கட்டுமானத்தை ஒப்படைக்கும்போது மொத்தத் தொகையாக நிர்ணயித்த சேவைக் கட்டணத்தில் போட்டி நடத்த வேண்டும் என்று 2017 விதிகளின் 133-ஆம் விதி சொல்வது இதனால்தான். நூறு ஆண்டுக்கு முன் சம்பளச் சீட்டிலும் தொகை முன்பே தீர்ந்திருந்தது.

அடுத்தது ஆட்கள். டெண்டரில் இருபது ஆண்டு அனுபவமுள்ளவரின் பெயரைக் காட்டி மதிப்பெண் வாங்கிவிட்டு, வேலைக்கு வேறொருவரை அனுப்புவது நாடெங்கும் உள்ள நோய். பெயர் சொல்லி அமர்த்தப்பட்டவர் மாதத்துக்கு எத்தனை நாள் வேலையிடத்தில் இருக்க வேண்டும், மாற்றுவதானால் சமத் தகுதியுள்ளவரை ஒப்புதலோடுதான் மாற்ற வேண்டும், மீறினால் கட்டணத்தில் எவ்வளவு பிடித்தம் என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். தரமற்ற பொருளைத் திருப்பி அனுப்பவும், வேலையை நிறுத்தவும் அவருக்குத் தெளிவான அதிகாரம் வேண்டும். ஒப்பந்தத் தொகையைக் கூட்டும் அதிகாரம் அவரிடம் இருக்கக் கூடாது. அவரோ அவருடைய சகோதர நிறுவனமோ அந்த வேலையிலேயே ஒப்பந்தக்காரராக வரக் கூடாது. திறப்பு விழாவோடு அவர் கிளம்பிவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குறை திருத்தும் காலம் முடியும்வரை அவருடைய கடைசித் தவணைப் பணம் அரசின் கையிலேயே இருக்கட்டும்.

இதெல்லாம் இல்லாதபோது என்ன ஆகும் என்பதைச் சென்னை 2021 ஆகஸ்டில் பார்த்தது. புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் ஏழைகளுக்காகக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில், கை பட்டாலே சுவர்ப் பூச்சு உதிர்ந்தது. சென்னை ஐஐடியின் க்யூப் அமைப்பு வந்து ஆய்வு செய்தது. பொறியாளர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். கட்டிய பின்பு நடத்தும் ஆய்வு குற்றத்தைச் சொல்லும். அந்த வீடுகளில் குழந்தை குட்டியோடு குடியேறிய குடும்பங்களுக்குத் தேவைப்பட்டது, பூச்சு பூசிய அன்றைக்கு அருகில் நின்று தடுத்திருக்கக்கூடிய ஒருவர்.

நம் பக்கம்

செட்டிநாட்டுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. கீழடி அருங்காட்சியகத்தைப் பொதுப்பணித்துறை செட்டிநாட்டுக் கட்டட பாணியில் எழுப்பி, 2023 மார்ச் 5 அன்று அது திறக்கப்பட்டது. செலவு சுமார் 18 கோடி. நம் பாணி அரசுக் கட்டடத்துக்கு வந்தது பெருமைதான். ஆனால் பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலையில், சிமென்ட் மட்டுமே தெரிந்த கண்காணிப்பாளரால் கெடுதலே மிஞ்சும். சுண்ணாம்புச் சுவருக்குச் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுச் சுவர் உப்புப் பூத்து உதிரும். ஆகவே இங்கே மேற்பார்வையாளருக்குப் போடும் மதிப்பெண் பட்டியலில் சுண்ணாம்பு வேலை, ஆத்தங்குடிக் கல் தளம், தேக்கு உத்திரம் ஆகியவற்றில் முன் அனுபவத்துக்குத் தனி இடம் வேண்டும். செட்டிநாட்டுக் கிராமத் தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் ஏறியவை. அந்தப் பட்டியலிலிருந்து மேலே போவதற்கு நாம் காட்ட வேண்டிய தகுதிகளில் இதுவும் ஒன்று.

பேரூராட்சிகளில் நிலைமை இன்னும் மெலிந்தது. ஒரே பொறியாளர் பல பேரூராட்சிகளைப் பார்த்துக்கொள்ள நேர்கிறது. ஒரு நாளில் இரண்டு ஊர்ச் சாலையும் மூன்றாவது ஊர்த் தொட்டியும் பார்த்துவிட்டு, எம்-புக்கையும் அவர் எழுத வேண்டும். பெரும் நிறுவனங்களை மேற்பார்வைக்கு அமர்த்தும் வசதி சின்ன ஊர்களுக்கு இல்லை. அருகருகே உள்ள பேரூராட்சிகளின் வேலைகளை ஒன்றாகத் திரட்டி, தகுதி பார்த்து ஒரு பொது மேற்பார்வைக் குழுவை ஆண்டுக் கணக்கில் அமர்த்தலாம். பொறியியல் கல்லூரி ஆய்வகங்களைச் சோதனைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். காரைக்குடியைச் சுற்றிக் கல்வி நிறுவனங்களுக்குப் பஞ்சமில்லை. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் 1948-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகமே கம்பி துருப்பிடிப்பதை ஆராயும் இடம்தான். அந்த அறிவு நம் தண்ணீர்த் தொட்டிகளுக்கும் பாலங்களுக்கும் பயன்பட வேண்டும்.

அரசு செய்ய வேண்டியது அது. இந்த மலரைக் கையில் வைத்திருப்பவர்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. ஊரில் சாலையோ பள்ளிக் கட்டடமோ தொடங்கினால், வேலைத் தகவல் பலகையில் ஒப்பந்தக்காரர் பெயரோடு மேற்பார்வைப் பொறியாளர் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் செயல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தகவல் என்றால் காகிதம் மட்டும் இல்லை. அதன் 2(ஜெ) பிரிவு, நடக்கும் வேலையை நேரில் ஆய்வு செய்யவும், எம்-புக் உள்ளிட்ட ஆவணங்களைப் பார்த்துக் குறிப்பெடுக்கவும், பயன்படுத்தும் பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை தருகிறது. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். பள்ளத்தூரில் அடுத்து தொடங்கும் வேலையிலேயே அந்த உரிமையைப் பயன்படுத்துங்கள்.